வீங்கிய காதும் விளங்காத பொருளும்: ஆங்கில மரபுத்தொடர் ஒன்றை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘திக் இயர்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. காதின்மேல் விழும் அடியையும், அவ்வாறு அடிக்கப்போவதாகச் சொல்லும் அச்சுறுத்தலையும் அது குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தடித்த காது’ என்றாகிப் பொருள் கெடும். ‘அறை’ என்று மட்டும் எழுதினால் பாதிப் பொருளே கிட்டும். அடியின் விளைவு, அடிப்பவர்க்கும் அடிபடுபவர்க்கும் உள்ள உறவு, தொடரின் நகைத்தொனி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்யும்போதே அதன் பொருள் நிறைவு பெறும் என்பதும், ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் அத்தகைய பதிவை மேற்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், காரியவாகுபெயர், இருமொழி அகராதி, மொழிபெயர்ப்பு, உடல்தண்டனை.

1. முன்னுரை

மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் ஏமாற்றுபவை அருஞ்சொற்கள் அல்ல; எளிய சொற்களே. அருஞ்சொல்லைக் கண்டவர் அகராதியை நாடுவார். நன்கு தெரிந்த சொற்கள் இரண்டு அடுத்தடுத்து நின்று ஒரு மரபுத்தொடராகும்போது, அது மரபுத்தொடர் என்னும் ஐயமே எழுவதில்லை. ‘திக்’ என்பதற்குத் தடித்தது என்றும் ‘இயர்’ என்பதற்குக் காது என்றும் பள்ளி மாணவரும் பொருள் சொல்வர். ஆயினும் ஆங்கிலக் கதையில் ஒரு தாய் தன் மகனை நோக்கி, இன்னும் ஒரு சொல் பேசினால் உனக்குத் ‘திக் இயர்’ கிடைக்கும் என்னும்போது, அவள் தருவதாகச் சொல்வது என்ன என்பதை அவ்விரு சொற்களின் பொருளைக் கூட்டி அறிய இயலாது.

இத்தொடரின் பொருள் ‘காதில் ஓர் அடி’ என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கத்தக்கதாகத் தோன்றும். அந்த ஒரு வரி விட்டுவிடுவது எது என்பதை ஆராய்வது, மரபுத்தொடர்களை இருமொழி அகராதிகள் கையாளும் முறை குறித்துச் சிந்திக்கவும் இடமளிக்கும்.

2. தொடரின் அமைப்பு

இத்தொடரில் ‘திக்’ என்பது வீங்கிய என்னும் பொருளது. அடிபட்ட காது வீங்கித் தடிப்பதால் அடிக்கே அப்பெயர் வந்தது. ஆங்கிலத்தில் அதே அடைமொழி மந்தபுத்தி உடையவரைச் சுட்டவும் வழங்கும். பழைய வழக்கில் மங்கிய செவிப்புலனையும் அது குறித்தது. எனவே, தொடரைப் புதிதாகக் காண்பவர் கேளாச் செவியர் என்றோ, அறிவுரை ஏறாதவர் என்றோ பொருள் கொள்ள வாய்ப்புண்டு. தமிழில் இவ்விடர் இன்னும் பெரிது. தோல் தடித்தவன் என்றால் உறைக்காதவன் என்று கொள்ளும் தமிழ் வாசகர், ‘தடித்த காது’ என்பதையும் அவ்வழியே புரிந்துகொள்வார். அடிபட்ட காது அங்கே சொரணையற்ற காதாக மாறிவிடும்.

காதில் விழும் அடியைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு தொடர்களும் உள்ளன. ‘பாக்ஸ் ஆன் தி இயர்’ என்பதும் ‘கிளிப் ரவுண்ட் தி இயர்’ என்பதும் அவற்றுள் நன்கறியப்பட்டவை. இவ்விரண்டும் செயலையும் இடத்தையும் சொல்கின்றன. முதலது அடி, பின்னது விரைந்து விழும் தட்டு. ‘திக் இயர்’ என்பதிலோ செயலும் இல்லை, கையும் இல்லை. விளைவு மட்டுமே உள்ளது. தமிழ் இலக்கணம் இவ்வமைப்பைக் காரியவாகுபெயர் என வகைப்படுத்தும். கூழ் என்னும் காரியத்தின் பெயர் அதற்குக் காரணமான பயிருக்கு ஆகிவருவது போல, வீங்கிய காது என்னும் காரியத்தின் பெயர் அதற்குக் காரணமான அடிக்கு ஆகிவருகிறது.

இத்தொடரோடு சேரும் வினைகளும் கருதத்தக்கவை. பெரும்பாலும் ‘கொடு’, ‘பெறு’ என்னும் பொருளுடைய வினைகளே இதனோடு வருகின்றன. அடி என்பது ஒருவர் மற்றொருவர்க்கு அளிக்கும் பொருள்போல ஆகிறது. அடிப்பவரின் கை தொடரிலிருந்து மறைவதற்கு இவ்வமைப்பும் துணைசெய்கிறது.

3. காயத்தின் இயல்பு

தொடர் பெயரிட்டுச் சொல்லும் காயம் கற்பனையானதன்று. புறச்செவியின் குருத்தெலும்புக்குத் தனியே இரத்தக் குழாய்கள் இல்லை. அதனைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. வலிய அடி விழும்போது உறை பிரிந்து, இடையில் இரத்தம் தேங்குகிறது. உரிய காலத்தில் அதனை வெளியேற்றாவிடில் குருத்தெலும்பு நலிந்து, நார்த்திசு வளர்ந்து, காது நிலையாக உருக்குலையும். குத்துச்சண்டை வீரரிடமும் மற்போர் வீரரிடமும் காணப்படும் இக்குறையை ஆங்கிலம் ‘காலிபிளவர்’ காது என்கிறது.

பண்டைய கிரேக்கரும் இதனை அறிந்திருந்தனர். 1885-இல் உரோம் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, அமர்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரனின் வெண்கலச் சிலையில் வீங்கிச் சிதைந்த காதுகள் நுட்பமாக வடிக்கப்பட்டுள்ளன. பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’, ‘கோர்கியாஸ்’ ஆகிய உரையாடல்களில், ஸ்பார்ட்டா நகரத்தாரைப் பின்பற்றுவோர் சிதைந்த காதுகளை உடையவராகச் சுட்டப்படுகின்றனர். அங்கே அக்காயம் விரும்பி ஏற்ற அடையாளம். சமமான இருவர் களத்தில் மோதிப் பெற்ற வீங்கிய காதும், சமையலறையில் ஒரு சிறுவன் பெற்ற வீங்கிய காதும் உடலளவில் ஒன்றே, பொருளளவில் ஒன்றல்ல.

திறந்த உள்ளங்கையால் காதின்மேல் அறையும்போது செவிக்குழாயிலுள்ள காற்று அழுத்தப்பட்டுச் செவிப்பறை கிழிவதும் உண்டு. சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக அறையப்படுபவர் கேட்கும் ஆற்றலையே இழக்க நேரலாம். தமிழில் வழங்கும் ‘செவிட்டில் அறைதல்’ என்னும் தொடர் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே செவிடு என்பது காதையொட்டிய கன்னப்பகுதியைச் சுட்டினாலும், கேளாமை என்னும் மற்றொரு பொருளும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

4. யார் கை, யார் காது

அகராதிகள் பெரிதும் தவறவிடுவது இத்தொடர் செல்லும் திசையை. மூத்தோர் இளையோரிடமும், பெற்றோர் பிள்ளைகளிடமும், வலியோர் மெலியோரிடமும் இதனைக் கூறுவர். ஒத்த வயதினர் சண்டைக்கு நிற்கையில் கூறுவதும் உண்டு. மகன் தந்தையிடமோ, மாணவன் ஆசிரியரிடமோ கூறினால் அது வெறும் அச்சுறுத்தலாக நில்லாது. உறவு முறையையே மீறிய செயலாகும்.

காதில் அடித்தல் என்னும் செயலுக்கு ஆங்கிலேய வரலாற்றில் இத்தகைய மேல்–கீழ்த் திசை நெடுங்காலமாகவே உண்டு. 1598-இல் அரசவை ஆலோசனை ஒன்றில் முதலாம் எலிசபெத் அரசியார்க்கு முதுகைக் காட்டித் திரும்பிய எசெக்ஸ் பிரபுவை அரசியார் காதில் அறைந்ததாகவும், பிரபு தம் வாளில் கைவைத்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசியார் அறைந்தது கடிதல் எனப்பட்டது. பிரபுவின் கை வாளை நோக்கிச் சென்றது பெருங்குற்றத்தின் எல்லையைத் தொட்டது. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், மாறுவேடத்தில் இருக்கும் மன்னரை இன்னாரென அறியாத வில்லியம்ஸ் என்னும் எளிய வீரன், மறுநாள் அவரைக் கண்டால் காதில் அறைவதாகச் சூளுரைக்கிறான். அடையாளமாகக் கையுறைகள் மாற்றிக்கொள்ளப்படுகின்றன. அந்த அடி மன்னர்மேல் விழாமல், அவருடைய சூழ்ச்சியால் புளூயெலன் என்னும் படைத்தலைவன்மேல் விழுகிறது. அக்காட்சியின் சுவை முழுதும் கீழிருந்து மேல்நோக்கி அவ்வடி விழக்கூடாது என்னும் பொதுஅறிவை நம்பியே நிற்கிறது.

‘திக் இயர்’ என்னும் தொடர் இத்திசையைப் பேச்சு வழக்கில் தாங்கி நிற்கிறது. ஆகவே, ஒரு புனைகதையில் இதனை யார் யாரிடம் சொல்கிறார் என்பது பாத்திரப் படைப்பின் கூறாகிறது. சொற்பொருளை மட்டும் தரும் அகராதி அக்கூறை மொழிபெயர்ப்பாளரிடம் சேர்ப்பதில்லை.

5. நகைத்தொனியும் சட்டமும்

இத்தொடரில் ஒருவகை நகைத்தொனி உண்டு. ‘உன்னை அடிப்பேன்’ என்பதனினும் ‘உனக்கு வீங்கிய காது கிடைக்கும்’ என்பது இலேசாக ஒலிக்கிறது. உண்மையில் அடிக்கும் எண்ணமின்றியும் இது கூறப்படுகிறது. வன்முறை மலிந்த மலிவுவகைத் துப்பறியும் கதைகளைக் குறிக்கும் அடைமொழியாகவும் பிரித்தானிய ஆங்கிலத்தில் இத்தொடர் வழங்குவது, அதன் விளையாட்டுத் தன்மைக்குச் சான்று.

நன்னூல் கூறும் தகுதி வழக்கின் வகைகளோடு இதனை ஒப்பிடலாம். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் கூறுவது மங்கலம். அவையில் சொல்லத்தகாததை மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். இரண்டும் மறைப்பால் மென்மை பெறுகின்றன. ‘திக் இயர்’ எதையும் மறைப்பதில்லை. காயத்தையே வெளிப்படையாகப் பெயரிட்டும் மென்மை பெறுகிறது. காயம் சொல்லப்படுகிறது, ஆனால் வலி கேட்பதில்லை. பல தலைமுறைகளின் பயன்பாட்டால் காயத்தின் பெயர் தேய்ந்துபோனமையே இதற்குக் காரணம் எனலாம்.

தேய்ந்த அப்பெயரைச் சட்டத்தின் முன் வைத்தால் அதன் முழுப்பொருள் மீண்டும் தெரியவரும். 1860-ஆம் ஆண்டின் ஹாப்லி வழக்கு, பெற்றோரும் ஆசிரியரும் அளிக்கும் தண்டனை மிதமானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் அளவுகோலை இங்கிலாந்தில் நிலைநிறுத்தியது. அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் உடல்தண்டனையை 1986-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விலக்கியது. அது 1987-இல் நடைமுறைக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, பெற்றோர் கூறும் ‘நியாயமான தண்டனை’ என்னும் எதிர்வாதத்தை முற்றிலும் நீக்காது வரையறுத்தது. உடலுக்கு உண்மையான ஊறு விளைந்த வழக்குகளில் அவ்வாதம் செல்லாது என்றது. ஸ்காட்லாந்தில் 2020-லும் வேல்ஸில் 2022-லும் அவ்வாதமே நீக்கப்பட்டது.

58-ஆம் பிரிவின்படி நோக்கினால், காது வீங்கும்படி ஒரு குழந்தையை அடிப்பது நியாயமான தண்டனை என்னும் எல்லைக்குள் அடங்குவது அரிது. அதாவது, தொடரின் நேர்ப்பொருள் குற்றம். அதன் வழக்குப்பொருள் வீட்டு விளையாட்டுப் பேச்சு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவையும் சேர்த்தே இத்தொடரின் பொருளை வரையறுக்க வேண்டும். அத்தொலைவை அறியாதவர், பழைய புதினம் ஒன்றில் அன்புள்ள தாய் கூறியதைக் கொடுமையாகவும், கொடிய தந்தை கூறியதை வேடிக்கையாகவும் மொழிபெயர்த்துவிடக் கூடும்.

6. படிமம் மட்டும் போதாமை

நேர்ப்பெயர்ப்புச் செய்து அடிக்குறிப்பு இட்டால் போதும் என்பார் உளர். படிமம் ஒன்றாயினும் பொருள் வேறாகலாம் என்பதற்குக் காது பற்றிய வேறு தொடர்களே சான்றளிக்கின்றன. காதில் தெள்ளுப்பூச்சி என்னும் படிமம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உண்டு. ஆங்கிலத்தில் அது கடுமையாகக் கடிந்து விரட்டப்படுவதைச் சுட்டும். இன்றைய பிரெஞ்சில் ஐயம் எழுப்பப்படுவதைச் சுட்டும். அண்டை மொழிகள் இரண்டிலேயே படிமம் பொருளுக்கு உறுதி தரவில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும் வழியிலும் இதே இடர் உள்ளது. ‘எனக்கே காது குத்துகிறாயா’ என்று தமிழர் கேட்பது ஏமாற்ற முயல்வதைக் கண்டுகொண்டமையை உணர்த்தும். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், செவியைத் துளைக்கும் இரைச்சல் அல்லது உடல்வலி என்றே அங்குள்ள வாசகர் கொள்வார். காது குத்துதல் என்னும் செயலோ தமிழர் வீடுகளில் உறவினர் கூடி நடத்தும் மங்கல நிகழ்ச்சி. குருத்தெலும்பில்லாத மடலில் இடும் அத்துளை விரைவில் ஆறும். ஆங்கிலத்தின் காயப்பட்ட காது ஒறுத்தலைச் சொல்கிறது. தமிழின் குத்தப்பட்ட காது ஏமாற்றத்தைச் சொல்கிறது. உறுப்பின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஈடாகா.

7. தமிழாக்கத்திற்கு ஒரு முன்மொழிவு

ஆங்கிலம்–தமிழ் அகராதியியலில், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சொற்களஞ்சியம் ஒரு பெரும்பணி. 1992-இல் வெளிவந்த ‘கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’, பேச்சு வழக்கு முதலிய வழக்குக் குறிப்புகளையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தந்து, சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில் உள்ளது என்பதை நிறுவியது. தமிழ்ச் சொற்களுக்குச் செய்யப்பட்ட அப்பணி ஆங்கில மரபுத்தொடர்களுக்கும் தமிழில் செய்யப்படல் வேண்டும்.

‘திக் இயர்’ என்பதற்கான பதிவு பின்வரும் கூறுகளைக் கொள்ளலாம். முதலாவது, சொற்படிமம்: அடியால் வீங்கிய காது. இரண்டாவது, பொருள்: காதின்மேலோ தலைப்பக்கத்திலோ விழும் அடி, பெரும்பாலும் அத்தகைய அடி பற்றிய அச்சுறுத்தல். மூன்றாவது, வழக்கு: பிரித்தானிய, அயர்லாந்துப் பேச்சு வழக்கு, பெரும்பான்மையும் மூத்தோர் இளையோரிடம் கூறுவது, நகைத்தொனி உண்டு, இக்காலத்தில் பழைமை தோன்ற ஒலிப்பது.

நான்காவதாக, சூழலுக்கேற்ற தமிழாக்கங்கள் தரப்படல் வேண்டும். தாய் தன் பிள்ளையைச் செல்லமாக மிரட்டும் இடத்தில் ‘காதைத் திருகிவிடுவேன்’ என்பது பொருந்தும். செயல் மாறினாலும் உறுப்பும் உறவும் தொனியும் நிலைபெறுகின்றன. இளைஞர் இருவர் மெய்யாகவே சண்டைக்கு நிற்குமிடத்தில் ‘செவிட்டில் அறைந்துவிடுவேன்’ என்பதே தகும். ஒருவர் தம் இளமையில் பெற்ற அடியை நினைவுகூரும் இடத்தில், விளைவைக் கைவிடாமல் ‘காது வீங்க அடித்தார்’ என்று எழுதலாம். கதை வகையைச் சுட்டும் இடத்தில் ‘அடிதடிக் கதை’ என்பது போதுமானது. ஒரே தொடருக்கு நான்கு தமிழாக்கங்கள் அமைவதால் பொருள் நழுவுவதில்லை. ஒரு தொடர் எத்தனை சூழல்களில் வாழ்கிறதோ, அத்தனையையும் அகராதி காட்டியதாகவே அது பொருள்படும்.

8. மறுப்பும் விடையும்

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். வழக்கில் தேய்ந்த உருவகத்தை அகழ்ந்தெடுத்துக் காயத்தை நினைவூட்டுவது தேவையற்றது என்பது ஒன்று. பேசுவோர் எவரும் வீக்கத்தை எண்ணிப் பேசுவதில்லை என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் தேய்ந்த உருவகம் இறந்துபட்ட உருவகம் அன்று. மெய்யாகவே கைநீட்டும் ஒருவர் வாயிலிருந்து வரும்போதும், அடிபட்டு வளர்ந்த ஒருவர் காதில் விழும்போதும் அது உயிர்பெறும். நல்ல புனைகதையாசிரியர் தொடரின் இவ்விரு நிலைகளுக்கும் இடையே எழுதுகிறார். மொழிபெயர்ப்பாளர்க்கு இரு நிலைகளும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அகராதி அறநூல் அன்று. அது வழக்கைக் கூறுவதோடு அமைய வேண்டும் என்பது மற்றொன்று. இதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் ‘மூத்தோர் இளையோரிடம் கூறுவது’ என்பது அறவுரை அன்று, வழக்குக் குறிப்பே. அதனை விடுத்து ‘காதில் அடி’ என்று மட்டும் கூறும் அகராதியே வழக்கை முழுமையாகக் கூறாது விடுகிறது. மேலும், வழக்குக் குறிப்பின் தேவை தமிழ் வகுப்பறைக்கும் உண்டு. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாணவர்க்கு உடல்தண்டனை அளிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்துள்ளது. ஆங்கிலப் பாடத்தில் இத்தொடரை எதிர்கொள்ளும் மாணவர், அது ஒரு காலத்து உறவுமுறையின் சொல் என்பதையும் அறிந்து கற்றல் நன்று.

9. முடிவுரை

‘திக் இயர்’ என்னும் தொடரின் பொருள் வீங்கிய காது அன்று. அடி என்பதோடும் அது முடிவதில்லை. விளைவைக் கூறி வினையைக் குறிப்பது, மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது, வலியை நகையால் தணிப்பது ஆகிய மூன்றும் இணைந்ததே அதன் பொருள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மொழிபெயர்ப்பில் பேசுபவர் வேறொருவராகிவிடுவார்.

உடலுறுப்புகளை அடியாகக் கொண்ட மரபுத்தொடர்கள் இரு மொழிகளிலும் ஏராளம். அவற்றைத் தொகுத்து, சொற்படிமம், பொருள், வழக்கு, சூழல்தோறும் தமிழாக்கம் என்னும் நான்கு கூறுகளில் பதிவு செய்யும் பணியைத் தமிழ்த்துறைகளும் ஆங்கிலத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளலாம். அத்தொகுப்பில், காயத்தைப் பெயராகக் கொண்ட தொடர்களுக்கு எதிரே அக்காயம் யாருடையது என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.